மகளின் ரைஃபிளுக்கு எதை வாங்குவது? எதை விடுவது?

“பொட்டப்புள்ள கையில துப்பாக்கியா!” என்று மூக்கின்மேல் விரலை வைத்த காலம் மலையேறிவிட்டது. வாசக சகோதரிகளில் எத்தனையோ பேர் கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளைப் பிடித்தவர்கள்தாமே! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றதையும் பெருமையோடு படித்தோம்.

கோவையில் என் பதின்மூன்று வயது மகளும் அதே ஏர் ரைஃபிள்தான் பழகுகிறாள். சுடும் அட்டை பத்து மீட்டர் தள்ளி இருக்கும். அதன் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறிது! குண்டின் அளவு 4.5 மில்லிமீட்டர். 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. பாயிண்ட் டூ டூ என்றால் கட்டாயம் வேண்டும்.

சொந்த ரைஃபிள் வாங்கிய மறு வாரமே யோசனைகள் வந்து குவிந்தன. சைட்டை மாத்துங்க, ட்ரிகரை மாத்துங்க, கட்டையை மாத்துங்க! ஒவ்வொன்றின் விலையும் தலையைச் சுற்ற வைத்தது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரம் வேறு. மகளோ, “அம்மா, கழுத்து நோவுதும்மா” என்கிறாள். எதற்கு முதலில் பணம் போடுவது? பயிற்சியாளரிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்ட வரிசை இதுதான்.

முதலில் உடம்பு

ரைஃபிள் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். பிள்ளை ரைஃபிளுக்காக வளையக் கூடாது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பயிற்சிக் கூடத்தில், குண்டு போடாத ரைஃபிளை அட்டையை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடியபடி கன்னத்தை இயல்பாகப் பதிக்கட்டும். பிறகு கண்ணைத் திறந்தால் பின் சைட்டின் துவாரம் நேர் எதிரே தெரிய வேண்டும். தலையைக் குனிந்து தேடினால் கன்னப் பலகையை உயர்த்த வேண்டும். கை எட்டாவிட்டால் தோளில் பதியும் பின்தட்டைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் இவை திருகைத் தளர்த்தினாலே நகரும். செலவே இல்லை! என் மகளின் கழுத்து வலி கன்னப் பலகையை உயர்த்தியதுமே குறைந்துவிட்டது.

போட்டி விதிப்படி எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்காக அந்த எடையை எட்டித்தான் ஆக வேண்டுமா? எடைக்கட்டிகளை மாட்டினால் சின்ன இடுப்புதான் சுமக்கும். வளரும் வயதில் அது வேண்டாம்.

அடுத்தது சைட்

சைட் வாங்குவதற்கு முன் கண் டாக்டரைப் பாருங்கள். கண்ணாடி தேவைப்படும் கண்ணுக்கு எத்தனை விலை சைட்டும் உதவாது. “டெலஸ்கோப் மாட்டிக் கொடுங்க, பளிச்சுனு தெரியும்” என்றார் ஒருவர். இந்தப் போட்டியில் அதற்கு அனுமதியே கிடையாது. பின்னால் ஒரு துவாரம், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான்.

முன் வளையம் சின்னதாக இருந்தால் குறி துல்லியமாகும் என்று தோன்றும். ஆனால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தாராளமாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கண் திணறும்; பிள்ளையும் சுடாமல் பிடித்துக்கொண்டே நிற்பாள். பத்து விநாடிக்குள் சுட முடியாவிட்டால் ரைஃபிளை இறக்கிவிடுவதே நல்லது. அளவை மாற்றக்கூடிய முன் வளையம், திறந்து குறுக்கக்கூடிய பின் துவாரம் இரண்டும் வாங்கத் தகுந்தவை. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்ணின் சிரமத்தைக் குறைக்கும்.

இன்னொரு கண்ணை இறுக மூடினால் முகம் முழுதும் இறுகும். அதன் எதிரே ஒளி ஊடுருவும் மங்கலான பட்டை ஒன்றை மாட்டினால் இரு கண்ணையும் திறந்து வைக்கலாம். மிக மலிவான, மிக நல்ல மாற்றம் இது.

தள்ளிப் போடலாம்

நிறக் கண்ணாடிகள், அலங்காரக் கைப்பிடி, புது ட்ரிகர் எல்லாம் பிறகு. அந்தப் பணத்துக்கு நல்ல குண்டுகள் வாங்கி, எந்த வகை அந்தக் குழலில் ஒரே இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். பழைய ரைஃபிள் வாங்குவோர், சமையல் கேஸ் சிலிண்டரில் பார்ப்பதுபோல, காற்று உருளையின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மறக்கக் கூடாதவை

குண்டு ஈயத்தால் ஆனது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குண்டை வாயில் வைக்கவே கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கையோ வடையையோ தொட விடாதீர்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் பயிற்சி உடையைத் தனியாகத் துவையுங்கள். ரைஃபிளைக் குண்டில்லாமல் பூட்டி வையுங்கள்; சாவி உங்களிடம் இருக்கட்டும்.

“இதையெல்லாம் வாங்கினாத்தான் ஜெயிப்பியா, அம்மிணி?” என்று மாமியார் பேத்தியைக் கேட்டார். “நேரா நின்னா போதுங்க, பாட்டி” என்றாள் அவள். அவள் நேராக நிற்க எது உதவுமோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள், சகோதரிகளே. மற்றதைக் கடையிலேயே விட்டுவிடலாம்.