நான்கு நிமிட ஓபரா

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. பியானோவில் வலது கை ஒரே சுரத்தை விடாமல் தட்டுகிறது. இடது கை அடியில் உறுமுகிறது. நள்ளிரவுக் காற்றில், மகனை மார்போடு அணைத்தபடி தகப்பன் விரைகிறான். கதேயின் ‘எர்ல்கோனிக்’ கவிதைக்கு ஃபிரான்ஸ் ஷூபர்ட் இசையமைத்தது 1815-இல். அப்போது அவருக்கு வயது 18.

கதைசொல்லி, தகப்பன், மகன், பிள்ளையைக் கவர வரும் பேயரசன் என நால்வருக்கும் ஒரே பாடகர்தான். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தகப்பனுக்குத் தாழ்ந்த குரல், மகனுக்கு உச்சக் குரல். பேயரசன் மட்டும் தன் கடைசி வரி வரும்வரை மிரட்டுவதே இல்லை. தாலாட்டுவதுபோல் கொஞ்சுகிறான், இசையும் அவனோடு சேர்ந்து இனிக்கிறது. வயிற்றைக் கலக்குவது அந்த இனிப்புதான். மகன் அப்பாவைக் கூப்பிட்டு அலறும் ஒவ்வொரு முறையும் சுரம் ஒரு படி மேலே ஏறுகிறது. முடிவில் குதிரை நிற்க, பியானோவும் ஓய்கிறது. பிள்ளை இறந்த சேதியைப் பாடகர் பாடுவதில்லை, ஏறக்குறையப் பேசிவிடுகிறார். ‘ரெசிட்டேட்டிவ்’ எனும் இந்தப் பேச்சுநடை ஓபராவின் சொத்து.

ஓபராவில் பெயரெடுக்கத்தான் ஷூபர்ட்டும் ஏங்கினார். வியன்னாவோ ரோஸினியின் ஓபராக்களில் பித்தேறிக் கிடந்தது. ‘அல்ஃபோன்ஸோ உண்ட் எஸ்ட்ரெல்லா’ 1854-இலும் ‘ஃபியெராப்ராஸ்’ 1897-இலும்தான் மேடையேறின. நாடக அரங்குகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பெரிய மேடை கிடைத்தால் மெட்டின் அழகில் மயங்கிக் கதையை மறந்துவிடுகிறார். ஒரு பியானோவும் ஒரு தொண்டையும் மட்டும் என்றால் ஒரு நொடியைக்கூட வீணாக்குவதில்லை.

இந்தப் பாட்டு பட்ட பாடு தனிக்கதை. லைப்ஸிக் பதிப்பகம் ஒன்று கையெழுத்துப் பிரதியை டிரெஸ்டனில் இருந்த இன்னொரு ஃபிரான்ஸ் ஷூபர்ட்டுக்கு அனுப்பிவிட்டது. ‘இந்தக் கண்றாவியை நான் எழுதவில்லை’ என்ற தொனியில் அவர் கொதித்தெழுந்தார். 1816-இல் நண்பர்கள் கதேக்கு அனுப்பிய பாடல் கட்டும் ஒரு வரி பதிலின்றித் திரும்பியது. எல்லாப் பத்திக்கும் ஒரே மெட்டு, கவிதையை அமுக்காத இசை: கதேயின் ரசனை அது.

1821-இல் வியன்னா அரண்மனை ஓபராவின் பாடகர் யோஹான் மிக்கேல் ஃபோக்ல் பொதுமேடையில் பாடிய பிறகு நிலைமை மாறியது. அதே ஆண்டு, ஷூபர்ட்டின் முதல் எண்ணிட்ட படைப்பாக அச்சிலும் வந்தது.

1830-இல் வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியென்ட் என்ற ஓபரா பாடகி இதைக் கதேயின் முன் பாடினார். கிழவர் உருகிப்போனார். ஷூபர்ட் 1828-லேயே, 31 வயதில், இறந்திருந்தார்.