குரலுக்குக் கைதட்டல், முகத்துக்கு?

புது தில்லி: அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவுக்கு 2010 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அளிக்கப்பட்ட விருந்தில், மேகாலயத்தின் "ஷில்லாங் சேம்பர் காயர்" சேர்ந்திசைக் குழு பாடியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று நாடறிந்த குழுவாகியிருந்தது.

இங்கிலாந்தில் பியானோ கலைஞராக விளங்கிய நீல் நாங்கின்ரி, ஊர் திரும்பி 2001-ல் தொடங்கிய குழு இது. 1841-ல் வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார்கள் காஸி மலையில் விதைத்த தேவாலயச் சேர்ந்திசையே இதன் வேர். அந்த முறையில் பழைய இந்தித் திரைப்பாடல்களைப் பாடியதுதான் புதுமை. ஒரு குரல் மெட்டைத் தாங்க, கீழ்ச்சுருதியில் ஆண் குரல்கள் அடித்தளமிட, இடைக்குரல்கள் இட்டு நிரப்பும். ஒற்றை மெட்டுக்குப் பழகிய நம் செவிக்குத் தெரிந்த பாடலே புதிதாகக் கேட்கும்.

அமெரிக்கத் தெருமுனைகளில் கறுப்பின இளைஞர்கள் குரலையே வாத்தியமாக்கி வளர்த்த "டூ-வாப்" பாணியும் இத்தகையதே. 1934-ம் ஆண்டுப் பாடலான "ப்ளூ மூன்", கறுப்பரும் வெள்ளையரும் கலந்த "மார்செல்ஸ்" குழுவின் குரல்களில் 1961-ல் அந்நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பாட்டை வரவேற்ற தென் மாநிலங்கள், இரு நிறத்தவர் ஒரே மேடையில் நிற்பதைப் பொறுக்கவில்லை. வெள்ளையர் இருவரும் அவ்வாண்டே விலகினர்.

இங்கும் அதே முரண்தான். மாளிகையில் கைதட்டல் எழுந்து இரண்டாண்டுகள்கூட நிறையவில்லை. 2012 ஆகஸ்டில், அசாம் கலவரத்தையொட்டிப் பரவிய வதந்திகளுக்கு அஞ்சி, ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவாஹாட்டி ரயில்களுக்காக முண்டியடித்தனர். உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் காவல் பணியிலும் உழைத்தவர்கள் அவர்கள். மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது. சிறப்பு ரயில்களும் விடப்பட்டன. பாதுகாப்பு அளிப்பதாக மாநில அரசு கூறியதை ரயிலேறியவர்கள் நம்பவில்லை என்பதே உண்மை.

2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் தாக்கப்பட்டு இறந்த பின்னர் அமைக்கப்பட்ட பேஸ்பரூவா குழு, இன இழிவுச் சொற்களைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. நீல் நாங்கின்ரிக்கு 2015-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 ஜனவரியில் அவர் மறைந்தார். பரிந்துரைத்த பிரிவுகள் சேர்க்கப்படாமலேயே, 2024 ஜூலையில் அந்தச் சட்டம் வழக்கொழிந்தது.