செவியால் தேடிய புதையல்

சேலம், நாமக்கல் சமவெளியிற் பிறந்தார்க்குப் புதையல் என்னுஞ் சொல் புதிதன்று. சங்ககிரி மலைமீதும் நாமக்கற் பாறைமீதும் கோட்டைகள் நிற்கின்றன. பழங்கோட்டை நிற்குமிடத்தில் புதையற் பேச்சும் நிற்கும். வெற்றிலையில் மை தடவி, ‘பானை தெரிகிறது, பாம்பு காவலிருக்கிறது’ என்றுரைத்துப் பணம் பெறுவார் ஒருவர்; அதனை நம்பி நள்ளிரவிற் கடப்பாரையோடு புறப்படுவார் பலர். நிலத்தினடியிற் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் கிடைப்பின் அதனைக் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. ஆயினும் மைக்காரரின் வருவாய் அதனாற் குறைந்ததாகத் தோன்றவில்லை.

மைக்காரர் கண்ணை ஏமாற்றிப் பிழைப்பவர். துப்பறிவோனோ அறிவைக் கொண்டு பிழைப்பவன். எனினும் அவனுக்குங் கண்ணே முதற் கருவி. காலடிச் சுவடு, கிழிந்த கடிதம், சட்டையிற் படிந்த கறை ஆகிய யாவுங் கட்புலனுக்குரியன. அங்ஙனமாக, காண்பதற்கு ஒன்றுமே யில்லாத வானொலி நாடகத்தில் ஒரு துப்பறிவோன் புதையலைத் தேடிச் செல்வதும், நாம் அவனைப் பின்தொடர்ந்து செல்வதும் எவ்வாறு கூடும்? இவ்வினா எம் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியுங் கதையைத் தமிழில் வேரூன்றச் செய்தனர் என்பதை அன்பர்கள் அறிவர். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ என்னும் நாவல் 1950-ஆம் ஆண்டிற் படமாக வெளிவந்தது. அதனை எடுத்தது எம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் தலைவர் டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். துப்பறியுஞ் சாமியாராக எம். என். நம்பியார் வேடத்தின்மேல் வேடமாகப் புனைந்து வருகிறார். அவர் இன்னாரென்பது நமக்குத் தெரியும். எதிரில் நிற்குங் கயவனுக்குத் தெரியாது. படத்தின் சுவை முழுவதும் இவ்வொன்றிலேயே அடங்கிக் கிடக்கிறது. இது கண்ணின் விளையாட்டு. அப்படப்பிடிப்பு நிலையம் இன்றில்லை. ஏர்க்காடு செல்லுஞ் சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் எஞ்சியுளது.

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதத்திலுந் தொடங்கப்பெற்றன. எம் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் திருச்சியே வானொலி. பஞ்சாயத்து மன்றத்து ஒலிபெருக்கியின் கீழ்ப் பாய் விரித்தமர்ந்து கேட்ட நாட்களை முதியோர் இன்றுஞ் சொல்லி மகிழ்வர். அவர்கள் பெரிதும் விரும்பிக் கேட்டது ‘ஒலிச்சித்திரம்’. திரைப்படமொன்றின் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கி ஒலிபரப்புவதற்கு அப்பெயர். உரையாடலும் பாட்டும் நிரம்பிய புராணப் படங்கள் அதற்கு நன்கு பொருந்தின. சண்டைக் காட்சி வந்தாலோ தொல்லை! ‘டமார்’ என்றொரு முழக்கம், ‘ஆ’ என்றொரு கூச்சல். விழுந்தவன் வீரனா வில்லனா என்று பாய்மீதிருந்தோர் தமக்குள் வழக்காடிக்கொள்வர். கண்ணுக்கென்று சமைத்ததைச் செவிக்குப் பரிமாறினால் வரும் இடர் இதுவே. செவிக்கென்றே சமைத்த நாடகத்தின் இலக்கணம் வேறு.

அவ்விலக்கணத்தைத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்க வானொலியில் 1946 முதல் 1951 வரை நடைபெற்ற ‘ஸாம் ஸ்பேட்’ நாடகத் தொடர். ஸ்பேட் என்பவன் டாஷியல் ஹாமெட் எழுதி 1930-இல் நூலாக வெளிவந்த ‘மால்ட்டாப் பருந்து’ என்னும் நாவலின் நாயகன். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துத் தனித் துப்பறிவோன். நாவலாசிரியரும் இளமையிற் பிங்கர்ட்டன் துப்பறியும் நிலையத்தில் ஊழியம் புரிந்தவராதலின், தொழிலின் அழுக்கையும் அலுப்பையும் அறிந்தே எழுதினார். வானொலியில் ஸ்பேட்டுக்கு நெடுநாள் குரல் கொடுத்தவர் ஹோவர்ட் டஃப். இடையிடையே தலைக்குத் தடவும் எண்ணெய் ஒன்றின் விளம்பரம் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

இத்தொடரின் தந்திரம் மிக எளியது. வேலை முடிந்தபின் ஸ்பேட் தன் செயலாளர் எஃபியிடம் அறிக்கை சொல்ல, அவள் எழுதிக்கொள்கிறாள். அவ்வறிக்கையே நாடகம். அறை இருண்டிருந்தது, மேசைமேல் இன்னது கிடந்தது என அவன் சொல்வது நடிகன் காரணமின்றித் தனக்குத்தானே பேசுவதாகத் தோன்றாது. எழுதுபவளுக்குச் சொல்லுங் கடமையாகத் தோன்றும். கேட்போன் கேட்க விழையும் வினாவை எஃபி கேட்டுவிடுகிறாள். ஒரு நாளிலிருந்து மறுநாளுக்குத் தாவ வேண்டுமாயின், திரையும் வேண்டா, விளக்கும் வேண்டா. ‘மறுநாட் காலை’ என்று அவன் சொன்னாற் போதும். மாறுவேடத்திற்கு இங்கு இடமில்லையாதலின் குரலே முகமாகிறது. பருத்தவனுக்கு வயிற்றினின்றெழுஞ் சிரிப்பு; அச்சமுற்றவனுக்கு அறுந்தறுந்து வரும் மூச்சு. கதவு கிறீச்சிடுவதும், படியிற் காலடி யேறுவதும், சட்டென்று யாவும் அடங்குவதும் சுவடுகளாகின்றன. அவற்றுள்ளும் மௌனமே வலிய சுவடு என்பது எம் கருத்து. படத்தில் மௌனம் வந்தால் நாம் முகத்தைப் பார்ப்போம். வானொலியில் வந்தால் நெஞ்சு படபடக்கும்.

இனிப் புதையலுக்கு வருவோம். நாவலிற் பலரும் தேடியலைந்த பருந்து பொன்னாலியன்று மணிகள் பதித்ததென்பர். கையிற் கிட்டியபோது ஈயமாயிற்று. பொன்னுஞ் சரி, ஈயமுஞ் சரி, கண்ணாற் கண்டறியும் பொருள். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஒரு மணி நேர நாடகமாக ஸ்பேட்டின் வேறொரு வேட்டை ஒலிபரப்பாயிற்று. பருந்தைத் தேடிய பருத்த கட்மன் அதில் மீண்டும் வருகிறான். இம்முறை அவன் நாடியது கண்டி நகரத்துப் புத்தர்பிரானின் பல்! அந்நாடகத்தின் ஒலிப்பதிவு இன்றுங் கேட்கக் கிடைக்கிறது. விடுதியில் விளக்கணைத்துக் கேட்டபோது எமக்கு ஒன்று புலனாயிற்று: வானொலிக்கு ஏற்ற புதையல் இதனினும் வேறில்லை. ஒரு பல்லைக் கண்ணாற் பார்ப்பதனால் யாது பயன்? பார்வைக்கு அஃது எல்லாப் பற்களையும் போன்றதே. அதன் பெருமை முழுவதும் வாய்வழி வந்து செவிவழி நுழைந்த வரலாற்றிலே யிருக்கிறது.

அவ்வரலாறோ எந்த நாடகத்திலும் அடங்குவதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி ஈழத்து யாப்பகூவாவினின்று அப்பல்லைக் கவர்ந்து பாண்டிநாட்டிற்குக் கொணர்ந்தான். ஈழமன்னன் பராக்கிரமபாகு நேரில் வந்து இன்சொல்லால் அதனை மீட்டுச் சென்றான். பின்னர் 1560-இல் போர்ச்சுகீசிய ராஜப் பிரதிநிதி கான்ஸ்டன்டீனோ தெ பிரகன்ஸா யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது ஒரு பல் அவன் கையிற் சிக்கியது. பெகு நாட்டு மன்னன் அதற்குப் பெரும்பொருள் தர முன்வந்தான். கோவாவின் பேராயரோ மறுத்து, உரலிலிட்டு இடித்துச் சாம்பலாக்குவித்தார். கிறிஸ்தவராகிய எமக்கு இதனை எழுதுகையிற் கை கூசுகிறது. எனினும் மறைத்தல் முறையன்று. இடிபட்டது மெய்ப்பல் அன்றென்பதும், மெய்ப்பல் காக்கப்பெற்றுக் கண்டியில் எழுந்தருளியுளதென்பதும் பௌத்தர் கொள்கை.

இவ்வளவையும் அறிந்தபின் அந்நாடகத்தை மீண்டுங் கேட்டோம். நுட்பத்திற் குறையில்லை, ஆயினும் முதன்முறை பெற்ற இன்பம் பெற்றிலேம். அதிற் கண்டி யென்பது வெறும் பெயர். கீழ்நாட்டில் எங்கோ ஒரு கோயில், அதில் ஒரு விலையுயர்ந்த பொருள், அதன் பின்னே மேல்நாட்டார் நால்வர். 1868-இல் வெளியான ‘சந்திரகாந்தக் கல்’ நாவலிலும், 1890-இல் ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறிந்த ஆக்ராப் புதையற் கதையிலும் நிகழ்ந்தது இதுவே. பொருள் எவருடைய வழிபாட்டிற்குரியது என்னும் வினாவைக் கள்வன் எழுப்பமாட்டான், அஃது இயல்பு. துப்பறிவோனாவது எழுப்பலாகாதா?

கலிபோர்னியாவிற் கேட்டார்க்குக் கண்டி ஒரு மாயப் பெயராயிருக்கலாம்; எம் சமவெளிக்கு அவ்வாறன்று. கண்டிச் சீமை என்றால் இங்கே தேயிலைத் தோட்டம். பஞ்ச காலங்களிற் சேலம் ஜில்லாவினின்றுந் திருச்சி ஜில்லாவினின்றும் குடும்பங் குடும்பமாகச் சென்றனர். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியுங் கிடைக்குமென்று கங்காணிகள் ஆசை காட்டியதாக அவர் வழிவந்தோர் இன்றுஞ் சொல்வர். மை தடவிய வெற்றிலைக்கும் அச்சொல்லுக்கும் யாது வேற்றுமை? தூரின்கீழ்க் கிடைத்தது அட்டைக்கடி. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அவர்களுட் பலர் வெறுங்கையோடு கடல் கடந்து திரும்பினர்.

அங்ஙனந் திரும்பிய முதியவர் ஒருவர் எம் ஊரிலுளர். விடுமுறையில் அவரிடம் இந்நாடகக் கதையைச் சொன்னோம். ‘அந்தத் துப்பறிகிறவர் கண்டிக்கு வந்தாரா?’ என்று வினவினார். வரவில்லை, தம் நகரத்திலேயே யிருந்து தேடினார் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, சிறுவயதில் ஓர் ஆடி மாதம் தோட்டத்திலிருந்து நடந்தே சென்று பெரஹர ஊர்வலத்துக்குப் போன கதையைத் தொடங்கினார்.

‘முதலில் சாட்டை வெடிக்கிற சத்தம் வரும், தம்பி. அப்புறம் மேளம். அப்புறம் யானை மணி. மணிச்சத்தம் கிட்டே வந்ததும் எல்லாரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். யானை மேலே பேழை போகிறதென்று அப்பா சொன்னார். கூட்டத்துக்குப் பின்னாலே நின்ற எனக்கு ஒன்றுந் தெரியவில்லை. காதாலே கேட்டதுதான்.’