உள்ளத்தை அளக்கும் கோல்

துலாக்கோலை நடுவு நிலைமைக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அளவில் மோசம் செய்வோரைக் குறிக்கும் பெயரையே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தாங்கி நிற்கிறது. பருத்தியையும் மக்காச்சோளத்தையும் நிறுத்து விற்கும் குன்னம் வட்டார மக்களுக்கு எடைக்கல்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், மனிதனின் அறிவையும் மனநிலையையும் அளக்கும் கோல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்?

உளவியலார் அதற்கு இரு பண்புகளைக் கூறுவர். ஒரே மாணவனை இருமுறை சோதிப்பினும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் கிடைப்பது நம்பகம். அளக்கக் கருதியதையே அளப்பது ஏற்புடைமை. எடை குறைந்த கல்லும் நாள்தோறும் ஒரே அளவைக் காட்டும். அதனால் அது நேர்மையான கல்லாகிவிடாது. நம்பகம் இன்றியமையாதது, எனினும் அது மட்டும் போதாது.

மொழியறிவைச் சார்ந்த நுண்ணறிவுச் சோதனையால் எழுத்தறியாச் சிறுவனை அளந்தால், அவன் பள்ளி செல்லாமை அறிவின்மையாகப் பதிவாகும். இதனை உணர்ந்த சி. எம். பாட்டியா, உத்தரப் பிரதேசத்தில் 11 முதல் 16 வயது வரையிலான, எழுத்தறிந்த, எழுத்தறியாத சிறுவர்களை ஆராய்ந்து, ஐந்து பகுதிகள் கொண்ட செயற்சோதனைத் தொகுதியை 1955இல் வெளியிட்டார். அதன் நினைவாற்றல் பகுதியில் எழுத்தறிந்தோர்க்கு எண்களும், அறியாதோர்க்கு எழுத்தொலிகளும் சொல்லப்பட்டன.

நல்ல கோலிலும் பிழை உண்டு. ஒரு சோதனையின் திட்ட விலக்கம் 15, நம்பகக் கெழு 0.84 எனக் கொள்வோம். அளவீட்டின் திட்டப் பிழை 6 ஆகும். 72 பெற்ற மாணவனின் உண்மை அளவு 66க்கும் 78க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அவ்வெல்லைக்கு வெளியே இருக்கவும் வாய்ப்புண்டு. 70க்குக் கீழ் என்றால் அறிவுத்திறன் குறைந்தவன் என முடிவு கட்டுமிடத்தில், இந்த ஆறு எண்கள் ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றிவிடும்!

தமிழ்த்துறையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஆங்கில வினாநிரல் தமிழாகும்போது, ‘சோர்வு’ என்ற சொல்லை ஒருவர் மனத்துயர் எனவும், மற்றொருவர் உடற்களைப்பு எனவும் கொள்வாராயின், விடைகளை எவ்வாறு ஒப்பிடுவது? ஆகவேதான் தமிழாக்கத்தை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டு, பின்னர் மக்களிடையே சோதித்துத் திருத்துகின்றனர்.

எனவே, மதிப்பெண்ணைக் கண்டதும் மாணவனை எடைபோடுவதை விடுத்து, அவனை அளந்த கோலை முதலில் எடைபோடுவோமாக. நீதி அங்கிருந்தே தொடங்குகிறது.