‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் உங்கள் பிபி 150/96. மறுமுறை பார்த்தபோதும் குறையவில்லை. டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். இரண்டு மாதத்தில் 128/82. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. “அதான் நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?”

பலர் சிகிச்சையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அது ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள, கொல்கத்தாவில் தொடங்கிய ஒரு மருந்தின் கதை உதவும்.

கொல்கத்தாவுக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்?

ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் போனால் சித்தரஞ்சன் அவென்யூ. அங்கே இருக்கிறது ‘ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின்’.

சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-ல் கொல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் எழுதினார்கள். 1933-ல் ஆர்.என். சோப்ரா குழு அதை ஆய்வகத்தில் சோதித்தது. உலகம் அதிகம் கவனிக்கவில்லை. 1945-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளை ரத்தக்கசிவால் இறந்த அன்று அவருடைய பிபி 300/190. அதை அடக்க நல்ல மருந்து எதுவும் அவருடைய டாக்டர்களிடம் இல்லை.

1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

மாத்திரை உயிரைக் காக்கும் என்று எப்படித் தெரிந்தது?

1967-ல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் ஆய்வில் 143 பேர். எல்லோருக்கும் கீழ் அளவு 115-க்கு மேல். 73 பேருக்கு ரெசர்பினோடு இன்னும் இரண்டு மருந்துகள். 70 பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. டம்மி குழுவில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்து எடுத்த குழுவில் 2 பேருக்கு மட்டும்.

அதாவது, மாத்திரையின் வேலை தலைவலியைப் போக்குவது அல்ல. நாளை வரக்கூடிய பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுப்பது. அந்தப் பலன் உங்கள் உடம்புக்குத் தெரியாது, கணக்கில்தான் தெரியும்.

இப்போது டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் ரெசர்பின் ஓரங்கட்டப்பட்டது. சர்ப்பகந்தாவை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இன்று அதிகம் எழுதப்படுபவை அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன். ஒரே மருந்தின் டோஸை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சுமார் 5 மடங்கு. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினால் ‘நிலைமை மோசம்’ என்று அர்த்தமில்லை.

இலக்கு பொதுவாக 140/90-க்குக் கீழே. இதயநோய் இருந்தால் மேல் அளவு 130-க்குக் கீழே. இலக்கை எட்டும்வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

அப்போ நிறுத்தவே முடியாதா?

128/82 என்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். விட்டால் பெரும்பாலும் மறுபடி ஏறும். சில மருந்துகளைச் சட்டென நிறுத்தினால் பிபி எகிறும். எடையும் உப்பும் குறைந்தால் டாக்டரே டோஸைக் குறைக்கலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் சேர்த்துத்தான்.

கால் வீக்கம் அம்லோடிபினால் வரலாம். சொன்னால் மாற்றித் தருவார்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பகாலத்தில் டெல்மிசார்டன் கூடாது.

வீட்டில் எப்படி அளப்பது?

அரை மணி நேரம் முன்பே காபி, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில், கை இதய மட்டத்தில். பேசாமல் இரண்டு முறை அளந்து, தேதியோடு எழுதுங்கள். வீட்டில் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் அல்லது கை கால் பலவீனம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.