சால்ட் லேக் விதி, இனி எல்லோருக்கும்

கொல்கத்தா சால்ட் லேக்கின் 5-வது செக்டாரில், அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பொழுது விடியும்போதுதான் மென்பொருள் பொறியாளரின் மாலைக் கூட்டங்கள் தொடங்கும். பந்த் நாள்களிலும் இப்பணி தடைபடாதிருக்க, தகவல் தொழில்நுட்பத் துறையைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவித்தது அன்றைய இடதுசாரி முன்னணி அரசு. முன்னறிவிப்பற்ற வேலைநிறுத்தம் சட்டவிரோதமாயிற்று. செய்தவர்கள் தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சிஐடியு சும்மா இருக்கவில்லை. 2006 நவம்பரில் இத்துறை ஊழியர்களுக்கென அங்கு சங்கம் கண்டது. 2008 ஆகஸ்டில் பந்த் போராட்டங்களை வெளிப்படையாக எதிர்த்த முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா, சொந்தக் கட்சியின் அதிருப்திக்கு ஆளானார்.

2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 14 நாள் முன்னறிவிப்பை அனைத்துத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்தது. 2025 நவம்பர் 21-இல் அது அமலுக்கு வந்தது. சிஐடியு உள்ளிட்ட மத்தியத் தொழிற்சங்கங்கள் அதைத் திரும்பப் பெறக் கோருகின்றன.