எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சம்: எப்போது, எங்கே பரிசோதிப்பது?

பாதுகாப்பற்ற பாலுறவுக்குப் பிறகோ, பிறர் பயன்படுத்திய ஊசி கையில் குத்திய பிறகோ 'எனக்கு எச்.ஐ.வி. வந்திருக்குமோ' என்ற அச்சம் எழுவது இயல்பே. இவ்வச்சத்தை யாரிடமும் கூறாமல், பலர் தம் உடலில் அறிகுறிகளைத் தேடத் தொடங்குகின்றனர். காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு ஆகியவை சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் தோன்றும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை அச்சத்தினாலேயே உண்டாகலாம். எனவே அறிகுறிகளை எண்ணுவதை விடுத்து, நிகழ்வு நடந்த நாளிலிருந்து கடந்துள்ள நாட்களை எண்ணுங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே முடிவு செய்யும்.

உண்மையில் ஆபத்து இருந்ததா?

ஆணுறையற்ற பாலுறவு, ஊசிகளைப் பகிர்தல், தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றுதல் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவும். தொற்றுள்ள தாயிடமிருந்து கருவிலும், பிரசவத்திலும், தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் பரவக்கூடும். தொடுதல், ஒரே தட்டில் உண்ணுதல், பொதுக் கழிப்பறை, கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது. ஆபத்துள்ள நிகழ்வு ஒவ்வொன்றும் தொற்றில் முடிவதில்லை. தொற்றுள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்திய ஆயிரம் நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் மட்டுமே தொற்று ஏற்படுகிறது.

72 மணி நேரம் கடக்கவில்லை எனில்

இது காத்திருக்கக் கூடாத நேரம். தொற்று நிலைபெறாமல் தடுக்கும் மருந்துகள் உள்ளன. இவை 'பெப்' எனப்படும். இவற்றை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாட்கள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன் மிகுதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள். இரவு நேரமாயின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கூச்சத்தால் ஒரு நாள் தள்ளிப்போட்டால் இவ்வாய்ப்பு நழுவிவிடலாம்.

72 மணி நேரம் கடந்துவிட்டது எனில்

தொற்று ஏற்பட்டவுடனே பரிசோதனையில் தெரியாது. இந்த இடைவெளியைச் 'சாளரக் காலம்' என்பர். முதல் வாரத்தில் கிடைக்கும் 'தொற்று இல்லை' என்ற முடிவு, அண்மை நிகழ்வைப் பற்றி எதையும் கூறாது. இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாட்களில் நம்பத்தக்க முடிவைத் தரும். விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் கணக்கிடுங்கள். பெப் மருந்து உட்கொண்டவர்களுக்கு இந்நாட்கள் மாறும். மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளைப் பின்பற்றுங்கள். முடிவு தெரியும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். இரத்த தானம் செய்யாதீர்கள். பரிசோதித்துக்கொள்ளும் வழியாகவும் அதைக் கருதாதீர்கள்.

நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியே பேசுவார். உங்கள் ஒப்புதலின்றிப் பரிசோதிக்கக் கூடாது என்பதையும், உங்கள் நிலையை மறைபொருளாகக் காக்க வேண்டும் என்பதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் உறுதி செய்கிறது. ஒரே பரிசோதனையைக் கொண்டு தொற்று உள்ளதென அறிவிப்பதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளால் உறுதி செய்யப்படும்.

தொற்று உறுதியானால், ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்படும். அதைத் தவறாமல் உட்கொள்வோர் நீண்ட காலம் நலமாக வாழலாம். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிக்கும்போது, பாலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றுவதில்லை.

முடிவு வந்தும் அச்சம் நீங்கவில்லையா?

சாளரக் காலம் முடிந்தபின் 'தொற்று இல்லை' என்று வந்தால், அந்நிகழ்வு குறித்த ஐயம் அங்கே முடிகிறது. புதிய ஆபத்து எதுவுமின்றி மீண்டும் மீண்டும் பரிசோதிப்பது சற்று நேரமே ஆறுதல் தரும். பின்னர் அச்சம் திரும்பும். உறக்கம், உணவு, வேலை ஆகியவை பாதிக்கப்பட்டால் அதுவும் சிகிச்சை பெறத்தக்க நிலையே. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள்.

உடனிருப்போர் கவனத்திற்கு

நடந்ததைத் துருவிக் கேட்காதீர்கள். எத்தனை நாட்கள் ஆயின என்று மட்டும் கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். முடிவை யாரிடம் கூறுவது என்பது அவருடைய உரிமை.

எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.